நோயின் பெயரைச் சொல்லாதீங்க, நடந்ததைச் சொல்லுங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ குடிச்சுக்கிட்டே படிங்க. வீட்டுல சுகர், பிரஷர் இருக்கிற பெரியவங்க இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

அரசு மருத்துவமனை ஓபியில் உட்கார்ந்திருக்கும் எந்த டாக்டரும் தினமும் கேட்கும் வாக்கியம் இது:

"சார், கேஸ் ட்ரபிள். ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க."

இந்த வாக்கியத்தில் நோயின் பெயர் இருக்கிறது. சிகிச்சையும் இருக்கிறது. அவருக்கு என்ன நடந்தது என்பது மட்டும்தான் இல்லை.

அதே மனிதர் இப்படிச் சொல்கிறார்னு வெச்சுக்கோங்க:

"மூணு வாரமா சார், பஸ் ஸ்டாண்டுக்கு வேகமா நடந்தா நெஞ்சு நடுவுல கல்லு வெச்ச மாதிரி அழுத்துது. நின்னுட்டா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுது. முன்னாடி மாடி ஏறினா மட்டும்தான் வரும். இப்ப சமதரையிலயே வருது."

இதைக் கேட்டால் எந்த டாக்டரும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். ஏன்னா இது இதய ரத்தக் குழாய் அடைப்பின் கதை. அதுவும் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு வரும் அடைப்பின் கதை.

ஒரே ஆள், ஒரே நெஞ்சு. முதல் வாக்கியத்தைச் சொன்னால் அசிடிட்டி மாத்திரையோடு வீட்டுக்குப் போக வாய்ப்பு உண்டு. இரண்டாவதைச் சொன்னால் அன்றைக்கே இதயப் பிரிவுக்குப் போவார். வித்தியாசம் மெஷினில் இல்லை. அவர் சொன்ன விதத்தில் இருக்கிறது, எதிரில் இருந்தவர் கேட்ட விதத்தில் இருக்கிறது.

இந்த த்ரெட்டின் விஷயம் இதுதான். நோயைக் கண்டுபிடிப்பது எப்படி நடக்கிறது? அதில் உங்கள் பங்கு என்ன? எங்கே தப்பிப் போகிறது?

ஒரு பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1768-இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற டாக்டர் ஒரு கட்டுரை வாசித்தார். 1772-இல் அது அச்சில் வந்தது. நடக்கும்போது, குறிப்பாக மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட உடனே நடக்கும்போதும், நெஞ்சில் பயங்கரமான இறுக்கம் வருகிறது. நின்றதும் அது மறைந்துவிடுகிறது. இப்படிச் சொல்லும் நோயாளிகளைப் பற்றி அவர் எழுதினார். 'ஆஞ்சைனா' என்ற பெயரை வைத்தவரும் அவரே.

அவரிடம் ஸ்டெதாஸ்கோப் கூட கிடையாது. அது வந்தது 1816-இல். இசிஜியைச் செம்மைப்படுத்திய ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1924-இல். இதயத்தின் ரத்தக் குழாய் அடைப்புதான் இதற்குக் காரணம் என்பதும் ஹெபர்டனுக்குத் தெரியாது. அவரிடம் இருந்ததெல்லாம் நோயாளிகள் சொன்ன கதைகள். வெவ்வேறு ஆட்கள் ஒரே மாதிரி கதையைச் சொல்கிறார்களே என்று கவனித்த காது.

இருநூற்றைம்பது வருஷம் கழித்து இன்றைக்கும் நாங்கள் கேட்பது அதே கேள்விகள்தான். நடந்தா வருதா? நின்னா போகுதா?

"அதான் இப்ப இசிஜி இருக்கே சார்?" என்று கேட்கலாம்.

இருக்கிறது. ஆனா இசிஜி என்பது எடுக்கிற அந்தச் சில நொடிகளில் இதயம் எப்படி இருக்கிறது என்று காட்டும் போட்டோ. நீங்கள் ஓய்வாகப் படுத்திருக்கும்போது வலி இருக்காது. நடந்தால் மட்டும் வலி வரும் ஆளுக்குப் படுக்க வைத்து எடுத்த இசிஜி நார்மலாக வருவது சாதாரணமான விஷயம். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போதே முதல் இசிஜி நார்மலாக இருந்து, அடுத்ததில் மாற்றம் தெரிவதும் உண்டு. அதனால்தான் சந்தேகம் இருந்தால் திரும்பத் திரும்ப எடுக்கிறோம், ரத்தத்தில் ட்ரோபோனின் பார்க்கிறோம்.

"இசிஜி நார்மல், அப்ப ஒண்ணுமில்ல" என்று கிளம்புகிறவர், சினிமாவில் ஒரே ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு முழுப்படத்துக்கும் விமர்சனம் எழுதுகிறார்.

சரி, கதைக்கு இவ்வளவு மதிப்பு இருக்கா? இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

1975-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. முதல்முறையாக ஓபிக்கு வந்த 80 நோயாளிகள். ஒவ்வொரு கட்டத்திலும் டாக்டர் என்ன நினைத்தார் என்று குறித்துக்கொண்டார்கள். கடைசியில் முடிவான நோயறிதலோடு ஒப்பிட்டார்கள். 80-இல் 66 பேருக்கு, பேசி முடித்தபோதே டாக்டர் சரியான முடிவுக்கு வந்திருந்தார். உடலைப் பரிசோதித்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு. லேப் பரிசோதனையால் மாறியது 7 பேருக்கு.

அது சின்ன ஆய்வுதான், ஸ்கேன் பரவலாக வராத காலமும் கூட. ஆனாலும் மருத்துவக் கல்லூரியில் வார்டுக்குள் நுழையும் மாணவனுக்கு ஊசி போடுவதற்கு முன்னாடி 'ஹிஸ்டரி' எடுக்கக் கற்றுக்கொடுப்பது இதனால்தான். நோயாளியின் கதைக்கு எங்கள் ஊர்ப் பெயர் ஹிஸ்டரி. வரலாறு! பெயரே சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். எது முதலில் நடந்தது, அதற்குப் பிறகு எது நடந்தது என்ற வரிசைதான் வரலாறு.

அந்த வரிசை எவ்வளவு முக்கியம்னு ஒரு உதாரணம். "வலது பக்கம் அடிவயிறு வலிக்குது" என்று சொன்னால் அதற்குப் பத்துப் பதினைந்து காரணங்கள் இருக்கும். "நேத்து சாயந்திரம் தொப்புளைச் சுத்தி வலிச்சுது. சாப்பாடு பிடிக்கல. ராத்திரி வாந்தி. காலையில வலி கீழ வலது பக்கம் வந்து உட்கார்ந்துடுச்சு" என்று சொன்னால் குடல்வால் அழற்சி முதலிடத்துக்கு வந்துவிடும். வலி இடம் மாறிய கதைதான் துப்பு. எல்லாருக்கும் இப்படியே வராது. வந்தால், அது பெரிய துப்பு.

இப்போ டாக்டர் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்கலாம்.

நீங்கள் "காய்ச்சல்" என்று சொன்ன உடனே அங்கே ஒரு பட்டியல் விரிகிறது. வைரஸ், டெங்கு, டைஃபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ், சிறுநீர்த் தொற்று, டிபி... அடுத்தடுத்து நாங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பட்டியலில் சிலதைக் கீழே தள்ளும், சிலதை மேலே தூக்கும். உங்களுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும் கேள்விகள்தான் பல நேரம் அதிக வேலை செய்யும்.

"என்ன வேலை பாக்கறீங்க?" அப்படி ஒரு கேள்வி. இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற டாக்டர் தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு புத்தகமே எழுதினார். டாக்டர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'உன் தொழில் என்ன' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். இன்றைக்கும் அது பொருந்தும். தேங்கிய தண்ணீரில், சேற்று வயலில், சாக்கடையில் வேலை பார்ப்பவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். ஆடு மேய்க்கப் போனவர், புதரில் விறகு பொறுக்கியவர், தோட்ட வேலை செய்தவருக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் ஸ்க்ரப் டைஃபஸை நினைக்க வேண்டும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சி கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பு என்று மறைவான இடத்தில் இருக்கும். தேடினால்தான் கிடைக்கும். கதை கேட்டால்தான் தேடவே தோன்றும்.

கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும்.

இன்னொன்று. நம் ஊர்க் கிராமங்களில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது.

விடியற்காலை நாலு மணிக்கு ஒருவர் வயிற்று வலியோடு எழுந்திருக்கிறார். வாந்தி. ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலன்னு வீட்டில் சுக்குக் கஷாயம் கொடுக்கிறார்கள். ஆறு மணிக்குக் கண் இமை தானாக மூடுகிறது, "தூக்கம் பத்தல" என்கிறார்கள். ஏழு மணிக்கு எச்சில் முழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. அப்புறம் மூச்சு.

இது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடிச்சதே தெரியாது. வீக்கம் இருக்காது, பல் தடம் பல நேரம் கண்ணுக்குப் படாது. "பாம்பு கடிச்சிருக்கு" என்று யாரும் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். வயிற்று வலி, தரையில் தூக்கம், விடியற்காலை, மூடும் கண் இமை. இந்த நாலையும் சேர்த்து ஒரு கதையாகப் பார்க்கிற டாக்டர்தான் விஷமுறிவு மருந்தையும் வென்டிலேட்டரையும் நேரத்தோடு கொண்டுவர முடியும்.

"எங்கே படுத்திருந்தார்?" என்று டாக்டர் கேட்டால் எரிச்சல்படாதீங்க. அந்த ஒரு கேள்வியில் ஒரு உயிர் இருக்கலாம்.

இப்போ டெஸ்ட் விஷயத்துக்கு வருவோம்.

"எதுக்கு சார் இவ்வளவு கேள்வி? எல்லா டெஸ்ட்டையும் எழுதிடுங்க, பாத்துடலாம்." இதுவும் அடிக்கடி கேட்பதுதான். நியாயமாகத்தான் தெரியும். ஆனா கணக்கு வேற மாதிரி.

ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய். அதற்கு ஒரு டெஸ்ட். நோய் இருப்பவரை அது தவறாமல் பிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 100-க்கு 5 பேருக்குத் தவறாக 'பாசிட்டிவ்' காட்டும். உங்களுக்கு பாசிட்டிவ் வந்திருக்கிறது. உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

1978-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மருத்துவமனைகளில் டாக்டர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் இதையே கேட்டார்கள். அதிகம் பேர் சொன்ன பதில் 95 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

சரியான விடை சுமார் 2 சதவீதம். எப்படின்னு பாருங்க. ஆயிரம் பேருக்கு டெஸ்ட் எடுத்தால் நிஜ நோயாளி ஒருவர். மீதி 999 பேரில் ஏறக்குறைய 50 பேருக்குப் பொய்யாக பாசிட்டிவ். மொத்தம் 51 பாசிட்டிவ், அதில் நிஜம் ஒன்று.

இப்போ அதே டெஸ்ட்டை, கதை கேட்டு, பரிசோதித்து, 'இவருக்கு இந்த நோய் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு' என்று தோன்றும் ஆயிரம் பேருக்கு மட்டும் எடுங்க. 500 பேருக்கு நிஜமாகவே நோய். மீதி 500-இல் 25 பேருக்குப் பொய். இப்போது பாசிட்டிவ் வந்தால் 95 சதவீதம் நிஜம்.

அதே லேப், அதே ரிப்போர்ட் பேப்பர். அர்த்தம் தலைகீழாக மாறிவிட்டது. மாற்றியது உங்கள் கதை.

நம் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் வைடால் டெஸ்ட். மூணு நாள் காய்ச்சல் என்றதும் சிலர் தானே லேபுக்குப் போய் எடுத்துவிட்டு "டைஃபாய்டு பாசிட்டிவ்" என்று வருகிறார்கள். டைஃபாய்டு கிருமி பரவலாக இருக்கும் நாட்டில், முன்பு எப்போதோ வந்த தொற்றாலும் வேறு காய்ச்சல்களாலும் கூட வைடால் பாசிட்டிவ் காட்டும். ஒரே ஒரு வைடால் ரிப்போர்ட்டை வைத்து டைஃபாய்டு என்று முடிவுகட்ட முடியாது. நம்பகமானது ரத்தக் கல்ச்சர். பாசிட்டிவ் பேப்பரைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்துவிட்டால், உள்ளே இருக்கும் ஸ்க்ரப் டைஃபஸ் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.

இதுவரை கதையின் பெருமையைப் பேசினேன். இனி அதன் ஆபத்தைப் பேச வேண்டும். இந்தப் பகுதி எங்களுக்கும் சேர்த்துத்தான்.

கதை நம்மை மயக்கும். கோர்வையாக ஒரு கதை அமைந்துவிட்டால் மனசு அதோடு நின்றுவிடும். பொருந்தாத ஒன்று கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் கண்ணில் படாது. கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் எழுதிய கட்டுரையில், முதலில் காதில் விழுந்த எண்ணோ எண்ணமோ அதற்குப் பிறகு நாம் போடும் கணக்கையெல்லாம் தன் பக்கம் இழுப்பதைக் காட்டினார்கள். கப்பலுக்கு நங்கூரம் போட்ட மாதிரி. மருத்துவத்தில் இது தினமும் நடக்கக்கூடியது.

மயங்கிக் கிடப்பவர் மேல் சாராய வாடை வந்தால் "குடிச்சிருக்கான், தெளிஞ்சா எழுந்துப்பான்" என்பது ஒரு கதை. தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசியலாம், சுகர் தாழ்ந்திருக்கலாம். குடித்தவருக்கும் இதெல்லாம் வரும்.

இளம் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் "டென்ஷன்" என்பது ஒரு கதை. பிரசவமாகி மூணு வாரம் ஆனவர் என்றால் நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம், இதயத் தசை பலவீனமாகியிருக்கலாம்.

அறுபது வயது சுகர் நோயாளி அம்மாவுக்கு வாந்தி, வியர்வை, களைப்பு என்றால் "வெயில்ல போயிட்டு வந்தாங்க" என்பது ஒரு கதை. பெண்களுக்கும், நீண்ட நாள் சுகர் உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல் இப்படி வரலாம்.

உலகமே பார்த்த ஒரு சம்பவமும் உண்டு. 2014 செப்டம்பர் 25 இரவு, அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒருவர் காய்ச்சல், வயிற்று வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தார். லைபீரியாவிலிருந்து சில நாட்களுக்கு முன்புதான் வந்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததை நர்ஸிடம் சொன்னார். அது பதிவும் ஆனது. ஆனால் சிகிச்சையை முடிவு செய்த கட்டத்தில் அந்தத் தகவல் கணக்கில் வரவில்லை. ஆன்டிபயாட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 28-ஆம் தேதி ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். 30-ஆம் தேதி எபோலா உறுதியானது. அமெரிக்க மண்ணில் கண்டறியப்பட்ட முதல் எபோலா நோயாளி. அக்டோபர் 8 இறந்துபோனார். அவரைப் பார்த்துக்கொண்ட இரண்டு நர்ஸ்களுக்கும் தொற்றி, அவர்கள் பிழைத்தார்கள்.

அங்கே பணத்துக்கோ மெஷினுக்கோ பஞ்சமில்லை. கதையில் இருந்த ஒரு வரி, போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போய்ச் சேரவில்லை.

அதனால்தான் நல்ல டாக்டருக்கு இரண்டு வேலை என்பேன். ஒன்று, கதையைக் கோர்ப்பது. இன்னொன்று, கோர்த்த கதையை எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்வது. 'இதுல எது பொருந்தல? இதைவிட ஆபத்தான வேற எது இதே மாதிரி இருக்கும்?' முதல் வேலையை மட்டும் செய்தால் கதாசிரியர். இரண்டையும் செய்தால்தான் டாக்டர்.

கூட வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஒரு அதிகாரம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நாலு பங்காகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நாலாவதாக உடன் இருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நாலாவது ஆளை நாங்கள் அட்டெண்டர் என்கிறோம்.

நல்ல அட்டெண்டர் பாதி டயக்னோசிஸ் செய்துவிடுவார். பக்கவாதத்தை எடுத்துக்கோங்க. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எதிலிருந்து நாலரை மணி? நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து. காலை ஆறு மணிக்குக் கை கால் விழுந்த நிலையில் பார்த்தோம் என்றால் கடிகாரம் ஆறு மணியிலிருந்து ஓடாது. "நாலு மணிக்கு பாத்ரூம் போயிட்டு வந்தாரு, எங்கிட்ட பேசினாரு" என்று மனைவி சொன்னால், நாலு மணியிலிருந்து கணக்கு. அந்த ஒரு வாக்கியம் இல்லை என்றால், ராத்திரி பத்து மணிக்குத் தூங்கப் போனதிலிருந்து கணக்கு. ஊசிக்கான நேரமே கடந்துபோயிருக்கும்.

ஆனா அட்டெண்டர் கதையை மறைக்கவும் முடியும். அம்மாவிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் மகன் பதில் சொல்கிறார். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் சொல்றேன்." மருமகள் நிற்கும்போது மாமியார் வாயைத் திறப்பதில்லை. கணவர் பக்கத்தில் இருந்தால் மனைவி மாதவிடாய் பற்றிப் பேசுவதில்லை. தயவுசெய்து அவங்களைப் பேச விடுங்க. விட்டதை அப்புறம் நீங்க சேர்த்துச் சொல்லுங்க. தனியா பேசணும்னு டாக்டர் சொன்னா, அஞ்சு நிமிஷம் வெளியே நில்லுங்க.

"இதெல்லாம் சரி டாக்டர், நீங்க எங்க பேச விடறீங்க?"

கேட்பீங்கன்னு தெரியும். நியாயமான கேள்வி. 1984-இல் அமெரிக்காவில் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிட்டார். சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடித்தவர்கள் 17 பேர் மட்டும்.

குறுக்கிடாமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள்? மணிக்கணக்கில்னு நாங்க பயப்படறோம். 2002-இல் சுவிட்சர்லாந்தில் அளந்தார்கள். சராசரி 92 வினாடி. ஒன்றரை நிமிஷம்தான்.

ஆனா அந்த ஒன்றரை நிமிஷமே எங்களிடம் இல்லை என்பதும் உண்மை. 2017-இல் 67 நாடுகளின் தகவலைத் தொகுத்த ஆய்வு ஒன்றில், ஒரு நோயாளிக்கு டாக்டர் செலவிடும் நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி. உலக மக்கள்தொகையில் சுமார் பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில் சராசரி 5 நிமிடமோ அதற்கும் குறைவோ. நம் நாடும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. வெளியே வராண்டா முழுக்க வரிசை நிற்கும்போது, உள்ளே உட்கார்ந்திருக்கும் டாக்டரின் மூளை குறுக்குவழி தேடும். "கேஸ் ட்ரபிள்" என்று நீங்களே முடிவைச் சொல்லிவிட்டால் அந்தக் குறுக்குவழி தயாராக இருக்கிறது.

என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். நோயாளியின் கதையைக் கேட்கும் நேரமும் ஒரு மருத்துவ உபகரணம்தான். அதற்கும் பட்ஜெட் வேண்டும். புது ஸ்கேன் மெஷின் வந்தால் ரிப்பன் வெட்டுகிறோம். ஓபியில் கூடுதலாக நாலு டாக்டர் போட்டால் யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஆனா அந்த நாலு பேர் இருந்தால், யாருக்கு அந்த ஸ்கேன் தேவை என்பது ஒழுங்காகத் தெரியும். தேவையில்லாத ஸ்கேனும் குறையும். மெஷின் வேண்டாம்னு சொல்லல. எங்கே தேடணும்னு தெரிஞ்சவன் கையில்தான் டார்ச் லைட்டுக்கு மதிப்பு.

அதுவரைக்கும், இருக்கிற ரெண்டு மூணு நிமிஷத்தை நாம ரெண்டு பேரும் சேர்ந்து எப்படிப் பயன்படுத்தலாம்?

1. நோயின் பெயரை அப்புறம் சொல்லுங்க. "அல்சர்", "கேஸ்", "லோ பிரஷர்" வேண்டாம். உடம்பில் என்ன உணர்ந்தீங்களோ அதைச் சொல்லுங்க. கூகுளில் படித்ததையும் சொல்லலாம், தப்பில்லை. நடந்ததைச் சொன்ன பிறகு சொல்லுங்க.

2. வரிசையாகச் சொல்லுங்க. கடைசியாக எப்போ நல்லா இருந்தீங்க? முதலில் என்ன வந்தது? அடுத்து என்ன? இப்போ கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? வரிசையில் நிற்கும்போதே ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதி வையுங்க. எழுதத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் உதவலாம்.

3. எது செய்தால் கூடுது, எது செய்தால் குறையுது என்று கவனியுங்க. நடந்தாலா, சாப்பிட்டாலா, குனிந்தாலா, மூச்சை இழுத்தாலா?

4. மாத்திரைகளை அட்டையோடு கொண்டு வாங்க. "வெள்ளை கலர்ல சின்ன மாத்திரை" என்றால் எங்களுக்கும் தெரியாது. நாட்டு மருந்து, லேகியம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, எல்லாவற்றையும் சொல்லுங்க. திட்டமாட்டோம். திட்டினாலும் சொல்லுங்க.

5. வேலை, பயணம், குடி, புகை, வீட்டில் வேறு யாருக்காவது இதே தொந்தரவு. கேட்காவிட்டாலும் ஒரு வரியில் சொல்லிவிடுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் கட்டாயம் சொல்லுங்க. சளிப் பரிசோதனை செய்து டிபி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

6. முக்கியமானதைக் கடைசியில் வைக்காதீங்க. சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போய், திரும்பி, "அப்புறம் சார், மலத்துல ரத்தம் போகுது" என்று சொல்பவர்கள் நிறைய. அதுதான் முதல் வரியா வந்திருக்கணும்.

7. கிளம்பும் முன் ஒரு கேள்வி கேளுங்க. "இது வேற எதாவதா இருக்க வாய்ப்பு இருக்கா சார்? எந்த மாதிரி ஆனா உடனே திரும்பி வரணும்?" இது டாக்டரைச் சந்தேகப்படுவது இல்லை. முடித்து வைத்த கதையை இன்னொரு தடவை திறந்து பார்க்க அவருக்கு நீங்கள் செய்யும் உதவி. நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

8. சரியாகவில்லை என்றால் அதே டாக்டரிடம் திரும்பி வாங்க. நோய் முதல் நாளிலேயே முழு முகத்தையும் காட்டாது. ரெண்டாவது சந்திப்பு, கதையின் அடுத்த அத்தியாயம். டாக்டரை மாற்றிக்கொண்டே போனால், எல்லாரும் முதல் அத்தியாயத்தை மட்டுமே படித்துக்கொண்டிருப்பார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்க.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சில் அழுத்தம், அதோடு வியர்வை, மூச்சுத் திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீரென்று முகம் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறல். இதெல்லாம் வந்தால் சீட்டு எழுதிக்கொண்டு உட்காராதீங்க, சோடா குடித்துப் பார்க்காதீங்க. உடனே 108. கதையை ஆம்புலன்ஸில் போகும்போது சொல்லிக்கலாம்.

உங்க உடம்பில் என்ன நடந்தது என்பதை உங்களைவிட அதிகமாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று தேடும் பயிற்சி எங்களிடம் இருக்கிறது. ரெண்டும் சேர்ந்தால்தான் நோய் பிடிபடும்.

அடுத்த தடவை எங்க எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்ததும் "கேஸ் ட்ரபிள்" என்று ஆரம்பிக்காதீங்க. "போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்தேன்..." என்று ஆரம்பிங்க.

மிச்சத்தைக் கேட்க வேண்டியது எங்க பொறுப்பு.

வீட்டுப் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாலும் சந்தோஷம்.